சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறேன். படுக்கை போதவில்லை, மருந்து கிடைக்கவில்லை, புதிய கருவி வந்திருக்கிறது என்று எழுதுகிறீர்கள். எல்லாம் தெரியவேண்டியவைதான். ஆனால் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்ட நோயாளிக்கு ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாயைச் சுத்தம் செய்வது எல்லாம் வீட்டில் இருப்பவர்களின் வேலையாகிவிடுகிறது. அதை அவர்களுக்கு யார், எப்போது, எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்லிவிட்டு என் வேண்டுகோளை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய், காலில் புண்ணும் வந்து, ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். எட்டாவது நாள் டிஸ்சார்ஜ். இனி மாத்திரை மட்டும் போதாது, காலையில் 16 யூனிட், இரவில் 10 யூனிட் இன்சுலின் போடவேண்டும் என்றார் டாக்டர். பில் கட்ட ஒருவர், மருந்து வாங்க ஒருவர், வண்டி பிடிக்க ஒருவர் என்று நாங்கள் ஓடிக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில்தான் ஒரு சிஸ்டர் வந்து, இன்சுலின் போடும் முறையைச் சொன்னார். பாட்டிலை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு இழுப்பது, எங்கே குத்துவது, எங்கே வைப்பது என்று ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கடைசியில், "புரிஞ்சுதா சார்?" என்றார். தலையாட்டினேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அன்று அந்த வார்டு முழுக்க இரண்டே சிஸ்டர்கள். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே இரண்டு முறை வேறு படுக்கையிலிருந்து கூப்பிட்டார்கள்.

கணக்கு எழுதுவது என் தொழில். அளவு, எண் என்றால் தப்பு வராது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. மருத்துவமனையில் கொடுத்த சிரிஞ்சுகள் தீர்ந்ததும் மருந்துக் கடையில் வாங்கினேன். ஊசி மெல்லியதாக இருந்தது. அம்மாவுக்கு வலிக்காது என்று சந்தோஷப்பட்டேன். மூடி ஆரஞ்சு நிறம். பழைய சிரிஞ்சுக்கு மூடி சிவப்பு. அந்த வித்தியாசத்தை நான் பார்த்தேன், ஆனால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஒன்பது நாள். காலையில் பார்த்தாலும் இரவில் பார்த்தாலும் சர்க்கரை 300க்குக் கீழே இறங்கவில்லை. ராத்திரியில் நாலு தடவை, ஐந்து தடவை அம்மா எழுந்து போனார். கால் புண் ஆறுவதாகவும் இல்லை. சாப்பாட்டில் ஏதோ தப்பு செய்கிறீர்கள் என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, அளவைக் கூட்டி எழுதப் போனார். அப்போது அங்கே இருந்த ஒரு மூத்த சிஸ்டர், "ஒரு நிமிஷம் டாக்டர், இவங்க எப்படிப் போடறாங்கன்னு பார்த்துட்டு வந்துடறேன்" என்றார். எங்களைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனார். கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். எட்டு நாள் வார்டில் இருந்தும் ஒரு சிஸ்டர் எங்கள் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"வீட்டுல எப்படிப் போடுவீங்களோ, அப்படியே செஞ்சு காட்டுங்க. மருந்துக்குப் பதிலா தண்ணி, உடம்புக்குப் பதிலா இந்த மடிச்ச துண்டு. நான் நடுவுல பேச மாட்டேன். நீங்க போடறதுல தப்பு இருந்தா அது நாங்க சரியா சொல்லித் தராததுதான். பயப்படாதீங்க" என்றார்.

பையிலிருந்து எங்கள் சிரிஞ்சை எடுத்து, 16 வரை இழுத்து, துண்டில் குத்திக் காட்டினேன். அவர் சிரிஞ்சை வாங்கி மூடியைப் பார்த்தார். எங்கள் இன்சுலின் பாட்டிலையும் கையில் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

எங்கள் பாட்டிலில் இருந்தது 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்து. நான் வாங்கிய ஆரஞ்சு மூடி சிரிஞ்சு 1 மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கானது. அதில் 16 என்ற கோடு வரை இழுத்தால் வருவது 0.16 மில்லி. எங்கள் மருந்தில் அது ஆறரை யூனிட்கூட இல்லை. ஒன்பது நாளும் அம்மாவுக்குப் பாதிக்கும் குறைவாகத்தான் மருந்து போயிருக்கிறது. இதுவே தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 வரை இழுத்திருந்தால், 40 யூனிட் உள்ளே போயிருக்கும். சர்க்கரை ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். அந்தக் கணக்கை அவர் ஒரு தாளில் எனக்குப் போட்டுக் காட்டியபோது கை நடுங்கியது. டாக்டர் அளவைக் கூட்டி எழுதியிருந்து, அப்புறம் யாராவது சரியான சிரிஞ்சில் அதைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னும் இரண்டு தப்புகளைக் கண்டுபிடித்தார். எங்களுடையது கலங்கலான இன்சுலின். போடுவதற்கு முன் பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெதுவாக உருட்டிக் கலக்கவேண்டும். நான் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே லேசாகத் தடித்திருந்தது. தடித்த இடத்தில் போட்டால் மருந்து ஒழுங்காக உடம்பில் சேராது என்றார். என் கையைப் பிடித்து அந்தத் தடிப்பின் மேல் வைத்து, "இது தெரியுதா? இப்ப இந்தப் பக்கம் தொட்டுப் பாருங்க, மெத்துன்னு இருக்கும்" என்றார். அந்த வித்தியாசம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

பிறகு அவர் என்னை விட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். அதுவரை மருத்துவமனையில் எல்லோரும் அம்மாவைப் பற்றி என்னிடம்தான் பேசினார்கள். இவர், "அம்மா, உங்களுக்கு எப்பவாவது வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, படபடன்னு வந்திருக்கா?" என்று கேட்டார். வார்டில் இருந்தபோது ஒரு நாள் ராத்திரி அப்படி வந்ததாம். பயத்தால் வருகிறது என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லையாம். பெற்ற பிள்ளை எனக்கே அது அன்றுதான் தெரிந்தது. சர்க்கரை 70க்குக் கீழே போனால் அப்படி வரும், உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கவேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பார்க்கவேண்டும், மயக்கமாகிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு வரவேண்டும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, "இப்ப நீங்க உங்க மருமகளுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுங்க" என்றார். அம்மா தன் பாஷையில் சொன்னார். 15 நிமிடத்தை விட்டுவிட்டார். சிஸ்டர் அதை மட்டும் மறுபடி சொல்லி, மறுபடி கேட்டார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நிறம் தெரியும். "எந்த மூடி அம்மா?" "சிவப்பு." இதற்கு மேல் எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை. எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். டாக்டர் அளவைக் கூட்டவில்லை. அதே 16, அதே 10. அடுத்த வாரமே சர்க்கரை இறங்க ஆரம்பித்தது.

என் அக்கா மகள் செவிலியர் படிப்பு படிக்கிறாள். அவளிடம் இதைச் சொன்னபோது, இதற்கு ‘டீச் பேக்’ என்று பெயர், எங்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது மாமா என்றாள். சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்லவைப்பது, செய்து காட்டவைப்பது. நெதர்லாந்து ஆய்வாளர் ராய் கெசல்ஸ் 2003இல் எழுதிய ஒரு கட்டுரையையும் காட்டினாள். மருத்துவப் பணியாளர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் வரை நோயாளிகள் உடனே மறந்துவிடுகிறார்களாம். நினைவில் நிற்பதிலும் ஏறக்குறைய பாதி தப்பாக நிற்கிறதாம். படித்தபோது டிஸ்சார்ஜ் அன்று தலையாட்டியதுதான் ஞாபகம் வந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். மறுபடி கேட்கக் கூச்சம், சிஸ்டருக்கு நேரமில்லையே என்ற தயக்கம், வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரம்.

பாடத்தில் இருப்பது வார்டில் ஏன் நடப்பதில்லை என்று அவளைக் கேட்டேன். ஊசி போட்டால் குறிப்பேட்டில் எழுதுகிறோம், பி.பி. பார்த்தால் எழுதுகிறோம், உட்கார்ந்து இருபது நிமிடம் சொல்லிக்கொடுத்தால் அதை வேலையாகவே யாரும் எண்ணுவதில்லை என்றாள். பயிற்சிக்குப் போன வார்டில் ஒரு நோயாளியின் மனைவியோடு பேசிக்கொண்டிருந்ததற்கு, "அங்க என்ன கதை பேசிட்டிருக்க?" என்று திட்டு வாங்கியிருக்கிறாள். என் அம்மாவைக் காப்பாற்றியது அந்த மாதிரி ஒரு ‘கதை’தான்.

மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடம் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்கிறேன். சொல்லிக்கொடுக்கும் நேரத்தை செவிலியரின் டியூட்டியில் சேர்த்து, அதற்கு ஏற்ற ஆட்களைப் போடுங்கள். டிஸ்சார்ஜ் நாள் வரை காத்திருக்க வேண்டாம். அம்மாவுக்கு எட்டு நாளும் வார்டில் இன்சுலின் போட்டார்கள்; இரண்டாம் நாளே என் கையில் சிரிஞ்சைக் கொடுத்திருந்தால், ஆறு நாள் அவர்கள் கண்ணெதிரே பழகியிருப்பேன். ஒரு நாளைக்கு ஒரு விஷயம் போதும். இன்று இழுப்பது, நாளை குத்துவது, அடுத்த நாள் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்று. வீட்டில் யார் செய்யப்போகிறார்களோ அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பல வீடுகளில் மருத்துவமனைக்கு வருவது மகன், வீட்டில் பார்த்துக்கொள்வது மருமகள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் நான் வெளியூர் போன இரண்டு நாள் ஊசி போட்டது என் மனைவிதான், நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தபடி.

குடும்பத்தினருக்கும் ஒரு வார்த்தை. சிஸ்டர் சொல்லி முடித்ததும் தலையாட்டாதீர்கள். "நான் ஒரு தடவை செஞ்சு காட்டறேன், நீங்க பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். எவ்வளவு அவசரத்தில் இருப்பவரும் அதற்கு நின்று பார்ப்பார் என்று நம்புகிறேன். வீட்டில் பயன்படுத்தும் சிரிஞ்சு, பாட்டில் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். அன்று எங்கள் பையில் அது இல்லாமல் போயிருந்தால் அந்த சிஸ்டராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து அவரே வீட்டுக்குப் போன் செய்தார். அம்மாதான் எடுத்தார். எந்த மூடி, எந்தப் பக்கம் போட்டீர்கள், பாட்டிலை உருட்டினீர்களா என்று மூன்றே கேள்வி. இப்போது அம்மா தானே போட்டுக்கொள்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். அந்த போன் அவர் தன் சொந்த நேரத்தில், சொந்த போனிலிருந்து செய்தது. டிஸ்சார்ஜ் ஆகிற ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனையே அப்படி ஒரு போன் செய்ய ஏற்பாடு வேண்டும் என்பது என் கடைசி வேண்டுகோள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்