ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு: கோவைச் சிறுவர் சிறுமியர் கால்பந்து அணிக்காக நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். 2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை கோவை நேரு ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நாங்கள் எதையும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்று வர முடியாமல் போனவர்களுக்காகச் சொல்கிறோம். நாடு தழுவிய கால்பந்து லீக்கான ஐ-லீக்கில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி எஃப்சி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. நமக்கு எதிரே மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்துடன் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டது. கேலரி உறைந்துபோனது. இடைவேளைக்குப் பிறகுதான் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்கள ஆட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் 2-1 என்று ஜெயித்தது. ஆனாலும் 43-க்கு 42 என்று ஒரே ஒரு புள்ளியில் கோப்பை நம்முடையதானது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய பருவத்தில் பத்து அணிகளில் எட்டாவதாக வந்த அணி அது!

பெயரில் சென்னை இருந்தாலும் அதை நம் ஊர் அணியாகத்தான் நாம் வைத்திருந்தோம். சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸை டீக்கடையில்கூடச் சொந்தக்காரர் மாதிரிப் பேசுவார்கள். அந்தப் பருவத்தில் மான்சி அடித்த 21 கோல்களையும் வரிசை மாறாமல் ஒப்பிக்கும் பையன்கள் எங்கள் தெருக்களில் இருந்தார்கள்.

மூன்றே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் அணி நம் அணியில் 26 சதவீதப் பங்கு வாங்கும் செய்தி வந்தது. இனி கவலையில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். 2020 மார்ச்சில் கொரோனாவால் லீக் பாதியில் நின்றது. அடுத்த பருவம் முழுக்க மேற்கு வங்காளத்தில், ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் நடந்தது. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டி இல்லை. பட்டம் வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை.

யார் மீதும் பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி ஒரு அணியை நடத்த என்ன செலவாகும் என்று உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றும். சாம்பியனான அந்தப் பருவத்தில் 20 ஆட்டங்கள். அதில் பாதி வெளியூர்: ஸ்ரீநகர், ஐஸ்வால், இம்பால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா. ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர்கள், உதவியாளர்கள் எல்லோருக்கும் விமானம், அறை, சாப்பாடு, சம்பளம். வரவுப் பக்கத்தில் டிக்கெட் காசு, சட்டையில் பெயர் போடும் விளம்பரதாரர், அதோடு சரி. 2019-லேயே ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) என்ற இன்னொரு லீக் நாட்டின் முதல்நிலை லீக் ஆகிவிட்டது. ஐ-லீக்கில் ஜெயித்தால் மேலே போகலாம் என்ற வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. நம் அணி ஜெயித்தபோது மேலே ஏறப் படியே இல்லை. மேலே வழியில்லாத அணிக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்?

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. மும்பையின் மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக்கை வென்ற, பஞ்சாபில் உள்ள பக்வாராவின் ஜேசிடி, அதுவும் ஒரு மில் அணி, 2011-ல் மூடப்பட்டது. மில் ஊர்க்காரர்களான நமக்கு அந்தச் செய்தியின் வலி கூடுதலாகவே புரியும். 2016-ல் கோவாவின் பழைய அணிகள் ஐ-லீக்கிலிருந்து விலகின. 2025 ஜூலையில் ஐஎஸ்எல்லே தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டில், இரண்டு முறை அந்தக் கோப்பையை வென்ற 'சென்னையின் எஃப்சி' என்ற அணி தன் முதல் அணியின் பணிகளை நிறுத்திவைத்தது. ஒவ்வொரு முறையும் ரசிகர்கள் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். மழையில் நனைந்து கத்தியவனுக்கும் முடிவெடுக்கும் மேசையில் இடம் இருந்ததில்லை.

நாங்கள் ஒரே கேலரியில் உட்கார்ந்து பழகியவர்கள். லேத் பட்டறை வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், ஆட்டோ ஓட்டுபவர், கல்லூரி மாணவிகள் என்று கலவையான கூட்டம். ஆட்டம் இல்லாமல் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திப்பதை விடவில்லை. ஒருநாள் ஒரு பையன் கேட்டான்: "ஏனுங்ணா, நம்ம டீம் மறுபடி எப்பங்ணா ஆடும்?" 2019-ல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவன். இப்போது மீசை அரும்பிவிட்டது. எங்களிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் ஒரு பந்து வாங்கிக்கொண்டு போனோம். அவன் நான்கு பேரைக் கூட்டிவந்தான். இன்று 64 பிள்ளைகள் வருகிறார்கள், அதில் 23 பேர் பெண்கள்.

பள்ளி ஒன்றின் மைதானத்தை, வகுப்பு இல்லாத நேரத்தில் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார்கள். மேடும் பள்ளமுமான தரை. கோல் கம்பத்துக்குப் பதில் இரண்டு செங்கல். சாலைப் பக்கம் வேலி இல்லை. பந்து சாலைக்கு ஓடும், பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுவார்கள். ஒவ்வொரு மாலையும் எங்களில் ஒருவர் சாலையோரம் காவல் நிற்கிறோம். இதற்கு மேலும் இப்படியே விட எங்களுக்கு மனமில்லை.

ஒரு வருடத்துக்கு வேண்டியது ₹6,00,000. பெரும்பகுதி பயிற்சியாளர்களுக்கு. உரிமம் பெற்ற இருவருக்கு, அவர்களில் ஒருவர் பெண், மாதம் தலா ₹12,000 வீதம் ₹2,88,000. இதைக் குறைக்கலாமே என்று குழுவிலேயே பேச்சு வந்தது. கூடாது என்று முடிவு செய்தோம். சம்பளம் நின்ற ஆட்டக்காரர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள் நாங்கள், நாங்களே அதைச் செய்ய மாட்டோம். சாலைப் பக்கக் கம்பி வேலிக்கு ₹1,10,000. தரையை நிரவிச் செம்மண் கொட்ட ₹70,000. 24 அடி அகலம், 8 அடி உயரத்தில் ஒரு ஜோடி கோல் கம்பம், சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறிதாக இன்னொரு ஜோடி, வலையோடு சேர்த்து ₹46,000. கணபதியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் நண்பர் பைப் விலை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார், கூலி வாங்க மறுத்துவிட்டார். மீதி ₹86,000 பந்து, முதலுதவி, போட்டிகளுக்குப் போகும் வண்டி வாடகை, பயிற்சி முடிந்ததும் ஆளுக்கு ஒரு முட்டையும் வாழைப்பழமும்.

இதை ஒரே புரவலரிடம் கேட்டு வாங்கலாம் என்றவர்கள் உண்டு. ஒருவர் முழுத் தொகையையும் தரவே முன்வந்தார். கைகூப்பி நன்றி சொல்லி, ஒரு பங்கு மட்டும் வாங்கிக்கொண்டோம். ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும் முறை நமக்குப் புதிதில்லை. மாடி வீடானாலும் ஓட்டு வீடானாலும் ஒரே வரிதான். அதனால்தான் தேரை எல்லோரும் தம் தேர் என்று இழுக்கிறார்கள். இந்த அணியையும் அப்படியே நடத்த விரும்புகிறோம். ஒரு வீட்டுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு ₹500. 1,200 வீடுகள் சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். கூடுதலாகத் தருபவர்களின் பணம் அடுத்த வருடத்துக்கான இருப்பில் சேரும். அணி பற்றி முடிவெடுக்கும்போது ஓட்டு மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊரைக் காட்டுகிறோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே என்று ஒரு ஊர், மக்கள் தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அங்கே ஆடுவது நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க வகை. அந்த லீக்கிலேயே மிகச் சிறிய ஊரின் அணி பேக்கர்ஸ். 1920-களின் தொடக்கத்தில் மழையில் ஆட்டங்கள் கெட்டு, கடனில் மூழ்கிய அணி அது. 1923-ல் ஊர்க்காரர்கள் பங்கு ஒன்று 5 டாலர் என்று விற்று அதைக் காப்பாற்றினார்கள். 1935-லும் 1950-லும் மறுபடி நெருக்கடி, மறுபடி ஊர்தான் கைகொடுத்தது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்குதாரர்கள். லாபப் பங்கு கிடையாது, லாபத்துக்கு விற்கவும் முடியாது. ஒருவரே மொத்தமாக வளைத்துப்போடாதபடி வரம்பும் வைத்திருக்கிறார்கள். பெரிய பெரிய நகரங்களுக்கு அணிகள் இடம் மாறிப் போன அந்த லீக்கில், கிரீன் பே அணி ஊரைவிட்டுப் போகவில்லை.

நம்முடையது 64 பிள்ளைகளின் அணி. கோப்பை வாங்கித் தருவோம் என்று வாக்குக் கொடுக்க மாட்டோம். நாங்கள் தரும் உறுதி கணக்கு பற்றியது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு மாத முதல் ஞாயிறும் வரவு செலவு மைதானத்துப் பலகையில் எழுதப்படும், யாரும் ரசீதுகளைக் கேட்டுப் பார்க்கலாம். குழுவில் எவருக்கும் சம்பளமோ பெட்ரோல் காசோ கிடையாது. நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச்சலுகை இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை, அதை எதிர்பார்ப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

இதுவரை 229 வீடுகள் சேர்ந்திருக்கின்றன, கையில் ₹1,14,500 இருக்கிறது. வேலி வேலையை முதலில் தொடங்குகிறோம்.

₹500 ஒரே தடவையாகத் தர முடியாத வீடுகள் மாதம் ₹50 வீதம் பத்து மாதத்தில் தரலாம். பணத்துக்குப் பதில் ஒரு லோடு செம்மண், ஒரு நாள் உழைப்பு, பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன நல்ல பூட்ஸ், எதுவானாலும் பங்காகவே எழுதிக்கொள்வோம். எங்கள் ஆட்கள் வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தோடு உங்கள் வீட்டுக்கு வருவார்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் தர வேண்டாம். நேரில் பார்த்துவிட்டுத் தர நினைப்பவர்கள் எந்த ஞாயிறும் காலை ஆறரைக்கு மைதானத்துக்கு வாங்க. பிள்ளைகள் அதற்கு முன்பே வந்து செங்கல்லை அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிக்கு,
கால்பந்துத் திடல் குழுவினர்,
கோயம்புத்தூர்