லைனை மாற்றும் முன் பிங் போட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நிதி நிறுவனங்களின் சர்வர் முடங்குவது பற்றிச் சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். கணக்குகளின் பிரதியை வைத்திருக்கும் வெளியூர் நகல் மையத்துக்கு இன்னும் வேகமான டேட்டா லைன் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சியில் இருந்தவன்தான். அம்பத்தூரில் ஒரு நிதி நிறுவனத்தின் டேட்டா சென்டரில் 19 ஆண்டுகளாக ஸ்டோரேஜ், அதாவது தரவுகளைச் சேமிக்கும் கருவிகளைப் பார்க்கிறேன். அந்த நம்பிக்கையில் கையெழுத்துப் போட்டு நிறுவனத்துக்குச் செலவு வைத்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கணக்குகள் அம்பத்தூரில் பதிவாகின்றன, நகல் ஹைதராபாதில் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்திலேயே, சிறுசேரியில் வைத்திருந்தால் வேலை சுலபம். இங்கே எழுதும் ஒவ்வொன்றும் அங்கேயும் பதிவாகிவிட்டது என்று பதில் வரும்வரை காத்திருக்கலாம், அந்தத் தூரத்துக்குக் காத்திருப்பு அரை மில்லிசெகண்ட் அளவுதான். ஆனால் 2015 டிசம்பர் மழையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையும் அம்பத்தூருக்குத் தனியாக, சிறுசேரிக்குத் தனியாக என்று பிரித்துப் பெய்யவில்லை. பங்குச் சந்தைகளுக்கு அவற்றின் கட்டுப்பாட்டு வாரியமான செபி விதித்ததும் இதைத்தான்: நகல் மையம் வேறு நில அதிர்வு மண்டலத்தில் இருக்கட்டும், முடியாவிட்டால் 500 கிலோமீட்டராவது தள்ளி இருக்கட்டும். அவ்வளவு தூரத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் காத்திருந்தால் கவுண்டரில் வரிசை நகராது. அதனால் இங்கே எழுதிவிட்டு, பின்னாலேயே அனுப்பிக்கொண்டிருப்போம். அந்தப் 'பின்னாலேயே' எவ்வளவு பின்னால் என்பதுதான் விஷயம். எங்கள் ஆவணத்தில் அதிகபட்சம் 15 நிமிடம் என்று இருக்கிறது.

பகலில் பிரச்சினை இல்லை. மாலை 6 மணிக்கு நாள்முடிவுக் கணக்கு ஓட ஆரம்பித்ததும் இழுக்கத் தொடங்கும். இரவு 11 மணிக்கு ஹைதராபாதில் இருப்பது 9 மணிச் சொச்சத்து நிலவரம். எல்லாம் போய்ச் சேர விடிகாலை 2 மணி ஆகும். லைன் 100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 100 மெகாபிட். போதவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதைப்போல் பத்து மடங்கு, 1 ஜிபிபிஎஸ் வந்தது, மூன்று ஆண்டு ஒப்பந்தம். முதல் நாள் இரவு ஆசையாகத் திரை முன் உட்கார்ந்தேன். 11 மணிக்கு அதே 9 மணி நிலவரம். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

நான் வில்லிவாக்கத்துக்காரன். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து எங்கள் ஊருக்குத் தண்ணீர் ரயில் வந்தது நினைவிருக்கும். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஒரே ஒரு ரயில்தான் என்று வையுங்கள். அது இங்கே காலியாகி, திரும்பிப் போய், நிரப்பிக்கொண்டு வந்தால்தான் அடுத்த தண்ணீர். பக்கத்தில் இன்னும் ஒன்பது தண்டவாளம் போட்டாலும் ஒரு குடம் கூடாது. வேகனைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரயிலைக் கூட்ட வேண்டும்.

எங்கள் ரயிலில் ஒரு நடைக்கு 64 கிலோபைட்தான் ஏறியது. அது ஹைதராபாத் போய், 'வந்து சேர்ந்தது' என்ற பதில் திரும்ப 20 மில்லிசெகண்ட். பிங் என்ற சின்னக் கட்டளை அளந்து சொல்வது இந்தப் போய்வரும் நேரத்தைத்தான். ஆக நொடிக்கு 50 நடை, 3.2 மெகாபைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் எம்பிபிஎஸ் கணக்கில் 26. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 100 கிலோமீட்டர் போய்வர ஒரு மில்லிசெகண்ட். அதைக் காசு கொடுத்துக் குறைக்க முடியாது. பழைய லைனின் கிராஃபை அப்புறம்தான் எடுத்துப் பார்த்தேன். ஒருநாளும் 27-ஐத் தாண்டவில்லை. நிரம்பாத குடத்தை வைத்துக்கொண்டு அண்டா வாங்கியிருக்கிறேன்.

ஏன் 64-லேயே நிற்கிறது? இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, குழுவில் சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒரு பெண். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளை, அதாவது லைனில் போகும் தரவுப் பொட்டலங்களைப் பிடித்து வரிவரியாக ஒப்பிட்டாள். "சார், இங்கேருந்து கிளம்பும்போது இருக்கு, அங்கே போய்ச் சேரும்போது இல்ல" என்றாள். தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபியில், பதில் வருமுன் எவ்வளவு அனுப்பலாம் என்று சொல்லும் விண்டோ அளவுக்கு 16 பிட் இடம்தான், அதில் 64 கிலோபைட்டுக்கு மேல் எழுத முடியாது. அதைப் பெருக்கிக்கொள்ளும் வழியை 1992-லேயே வகுத்துவிட்டார்கள். இரண்டு ஸ்டோரேஜும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. நடுவில் போக்குவரத்தைச் சோதிக்கும் ஒரு ஃபயர்வால், யாரோ எப்போதோ போட்ட விதியின்படி, அந்தக் கோரிக்கையை மட்டும் சத்தமில்லாமல் உருவிக்கொண்டிருந்தது.

விதியை நீக்கி, ஒரு இணைப்பை நான்காக்கினோம். உடனே சரியாகவில்லை. கிராஃப் ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி விழுந்தது. ஸ்டோரேஜ் ஒரே மூச்சில் தள்ள, லைன்காரர் பக்கம் பாக்கெட்டுகள் கொட்டிப்போயின. அனுப்பும் வேகத்துக்கு 800 எம்பிபிஎஸ் என்று உச்சவரம்பு வைத்தோம், அடங்கியது. இப்போது இரவு 11 மணிக்கு நகல் இரண்டு நிமிடம்கூடப் பின்தங்குவதில்லை.

இத்தனை நாள் இது ஏன் யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்பீர்கள். நகல் மையத்தைச் சோதித்துப் பார்க்கும் ஒத்திகை எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கும். அப்போது எழுதுவதற்கே ஒன்றும் இருக்காது. பின்தங்கல் பூஜ்யம், எல்லோருக்கும் பொங்கல் வடை, ஆடிட்டருக்குக் கையெழுத்து. உங்கள் கூட்டுறவுச் சங்கத்திலோ நிறுவனத்திலோ பொதுக்குழுவில் எழுந்து நிற்கும் வாய்ப்பு வந்தால், "நகல் இருக்கிறதா" என்று கேட்காதீர்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். வேலை நாளில் இரவு 10 மணிக்கு அது எத்தனை நிமிடம் பின்னால் இருந்தது என்று கேளுங்கள். டெண்டர் எழுதுபவர்களும் எம்பிபிஎஸ்ஸோடு நிறுத்தாமல், போய்வர எத்தனை மில்லிசெகண்ட் என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. மாலையில் எங்களுக்கு மணிக்கு 18 ஜிபி மாற்றம். அதாவது 40 எம்பிபிஎஸ். பழைய 100 லைனே தாங்கியிருக்கும். புது லைனுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு வாடகை கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்டோரேஜ் நிர்வாகி ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை - 49