பதினோராவது வரிசையில் உட்கார், முரளி

ஆலன்டவுன்,
ஜூலை கடைசி வாரம்

அன்புள்ள முரளி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக சுந்தர் சொன்னான், நிம்மதியாக இருந்தது. வேலை விஷயம் வழக்கம்போலத்தான், அதைப் போனில் பேசிக்கொள்வோம்.

அதே போனில்தான் அவன் இன்னொன்றும் சொன்னான். ஆகஸ்டில் குடும்பத்தோடு காரில் பென்சில்வேனியா வருகிறாயாம். கென்னிவுட் பொழுதுபோக்குப் பூங்காவில் ஒரு நாள், அங்கிருந்து நேரே ஹெர்ஷி பார்க். நடுவில் இருக்கிற கனோபல்ஸ் பார்க்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாயாம். அங்கே ஃபீனிக்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டர் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "78 அடி கோஸ்டரெல்லாம் என் மகள் நிலாவுக்கே போரடிக்கும்" என்றாயாம். முரளி, நீ மெக்கானிக்கல் படித்தவன். உயரத்தை வைத்து ஒரு யந்திரத்தை எடை போடலாமா?

உன் வீட்டிலிருந்து ஒஹாயோவின் சீடர் பாயின்ட் பார்க் பக்கம். 310 அடி மில்லேனியம் ஃபோர்ஸில் ஏறி இறங்கிப் பழகியவனுக்கு 78 அடி சின்னதாகத்தான் தெரியும். ஆனால் உனக்கு மர கோஸ்டர் மேலேயே வெறுப்பு வந்தது அங்கே இருந்த மர கோஸ்டர் மீன் ஸ்ட்ரீக்கால்தான் என்று எனக்குத் தெரியும். அதில் ஏறி இறங்கியவர்கள் எல்லோருமே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்கள். 1991ல் கட்டியது, 161 அடி, மணிக்கு 65 மைல். மரத்தில் அவ்வளவு உயரமும் வேகமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். வளைவில் தண்டவாளத்தின் மேல் விழும் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஃபீனிக்ஸின் வேகம் 45 மைல். 65ஐ 45ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் இரண்டுக்கு மேல். அதே வளைவு, அதே எடை என்றால் மீன் ஸ்ட்ரீக்கின் மரம் இரண்டு மடங்குக்கு மேல் அடி வாங்குகிறது.

மர கோஸ்டரின் தண்டவாளம் ஒற்றைக் கட்டை கிடையாது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, வழக்கமாக எட்டு அடுக்கு, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்கி, மேலே சக்கரம் ஓடும் இடத்தில் இரும்புப் பட்டை அடிப்பார்கள். விசை அதிகமானால் அடுக்குகள் நசுங்கும், ஆணித் துளை அகலும், பட்டைக்கு அடியில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் சக்கரம் இறங்கித் துள்ளும்போது அடுத்த அடியில் இன்னொரு பள்ளம் உண்டாகும். பலகையை மாற்றினாலும் விசை குறையாது, கொஞ்ச நாளில் அதே கதை. மீன் ஸ்ட்ரீக்கின் முதல் இறக்கத்திலேயே பிரேக் வைத்து வேகத்தைக் குறைக்க வேண்டி வந்தது அதனால்தான். கடைசியில் 2016ல் நிறுத்தி, இரும்புத் தண்டவாளம் போட்டு, 2018ல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கினார்கள். மரத்துக்கு அதற்கென்று ஒரு அளவு உண்டு. எழுபது, எண்பது அடி அந்த அளவுக்குள் சுகமாக அடங்கும்.

சரி, அவ்வளவு குறைந்த உயரத்தில் என்ன கிடைக்கும் என்கிறாயா? சீட்டை விட்டு எழும்புவதுதான் உனக்கு வேண்டியது என்றால், அதற்கு வேகத்தின் வர்க்கத்தை மேட்டின் வளைவு ஆரத்தால் வகுத்து வருவது 9.8ஐத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள். விநாடிக்கு 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு போதும், அதாவது மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர். மில்லேனியம் ஃபோர்ஸ் 93 மைல் வேகத்தில் ஓடினாலும் அதன் மேடுகள் அகலமானவை. மெதுவாக மிதக்க விட்டு இறக்கிவிடும். ஃபீனிக்ஸின் மேடுகள் குட்டையானவை, நெருக்கமானவை. ஒன்றிலிருந்து இறங்கி உட்காருவதற்குள் அடுத்தது தூக்கிவிடும்.

அதுபோக ஃபீனிக்ஸின் அந்தப் பழைய பாதுகாப்புக் கம்பி. மடிக்கு மேலே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி, ஒரே நிலையில் பூட்டிக்கொள்ளும். தொடையை அழுத்தாது. தொடைக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளி முழுக்க உனக்குத்தான். மேட்டு உச்சியில் உடம்பு எழும்பித் தொடை கம்பியில் முட்டும்வரை சீட்டுக்கும் உனக்கும் தொடர்பே இருக்காது. புதிய கோஸ்டர்களில் ஆளுக்கு ஒரு கம்பி, படிப்படியாக இறங்கி இறுக்கிவிடும். எழும்பும் விசை அங்கேயும் இருக்கிறது, எழும்ப இடம்தான் இல்லை.

ஃபீனிக்ஸ் பென்சில்வேனியாவில் பிறந்ததே இல்லை, தெரியுமா? ஃபிலடெல்ஃபியா டொபாகன் கம்பெனி 1947ல் டெக்சஸின் சான் அன்டோனியோவில், பிளேலேண்ட் பார்க்கில் கட்டியது. வடிவமைத்தவர் ஹெர்பர்ட் ஷ்மெக். அப்போது அதன் பெயர் ராக்கெட். 1980ல் பார்க்கை மூடிவிட்டார்கள். கோஸ்டர் ஓடாமல் வெயிலில் நின்றது. 1985 ஜனவரியில் கனோபல்ஸ்காரர்கள் அதைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். கையில் வரைபடம் இல்லை. அதனால் ஒவ்வொரு மரத்துண்டுக்கும் எண் போட்டு, எது எங்கே நின்றது என்று குறித்துக்கொண்டு, லாரிகளில் ஏற்றி 2,500 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்தார்கள். ஜூன் 15ல் மக்களை ஏற்றி ஓட விட்டுவிட்டார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்த வேலையை மேற்பார்த்தவர் சார்லஸ் டின். அவருடைய கம்பெனிதான் பிறகு உன் மீன் ஸ்ட்ரீக்கையும் கட்டியது. கை அதேதான், உயரம்தான் வேறு.

இந்த வேலை கனோபல்ஸுக்குக் கைவந்ததில் வியப்பில்லை. அது மர வியாபாரக் குடும்பம். 1926ல் பார்க் தொடங்குவதற்கு முன்பே அவர்களுக்கு மரம்தான் தொழில். அந்த இடம் முழுக்கக் காடு, நடுவில் ரோரிங் கிரீக் ஓடுகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தவும் காசு கிடையாது. ஏறுகிற ராட்டினத்துக்கு மட்டும் டிக்கெட். உன் அம்மா ஒன்றிலும் ஏறாமல் மர நிழலில் உட்கார்ந்திருக்க ஒரு பைசா செலவில்லை. ஹெர்ஷியில் இது நடக்குமா?

இப்போது சவாரிக்கு வருகிறேன். ஸ்டேஷனை விட்டதும் இருட்டுக் குகை. அதிலிருந்து வெளியே வந்த பிறகுதான் செயின் பிடித்து மேலே இழுக்கும். முதல் இறக்கம், திருப்பம், பிறகு போக வர மேடுகள். நடுவில் ஒரே ஏற்றத்தை இரண்டாக உடைத்த இரட்டை ஏற்றமும், அதேபோல இரட்டை இறக்கமும் வரும். கடைசி நீட்டில் வரிசையாகக் குட்டி மேடுகள், ஒன்றிலும் உட்கார விடாது. மொத்த நீளம் 3,200 அடி.

எங்கே உட்காருவது? ரயிலுக்கு நாலு பெட்டி, பெட்டிக்கு மூன்று வரிசை, ஆக 12 வரிசை. முன் சீட்டில் மேட்டின் ஏறும் பக்கத்தில் தூக்கும், ஏனென்றால் ரயிலின் பெரும்பகுதி இன்னும் கீழே வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது. உச்சியைத் தாண்டியதும் முன் பெட்டி தொங்கிக் காத்திருக்கும். பின் சீட்டில் நேர் எதிர். முன் பெட்டிகள் ஏற்கெனவே சரிந்து இழுப்பதால், நீ உச்சிக்கு வரும்போது வேகம் கூடிக்கொண்டிருக்கும், இறங்கும் பக்கம் உன்னைப் பிடுங்கி எறியும். அதனால் பின்பக்கம்தான் வேண்டும். ஆனால் பன்னிரண்டாவது வரிசையில் உட்காராதே. மூன்று வரிசைப் பெட்டியில் அச்சு முதல் வரிசைக்கும் மூன்றாவது வரிசைக்கும் அடியில் இருக்கிறது. தண்டவாளத்தின் அதிர்வு நேராக முதுகுக்கு வரும். நடு வரிசை இரண்டு அச்சுக்கும் இடையில் இருப்பதால் அடி பாதியாகிவிடும். ஆகவே பதினோராவது வரிசை, கடைசிப் பெட்டியின் நடு சீட். காலைத் தரையில் முழுக்க ஊன்று, உடம்பை விறைக்காதே, கம்பியை அழுத்திப் பிடிக்காதே. போனை பேன்ட் பாக்கெட்டில் வைக்காதே. கண்ணாடிக்குக் கயிறு கட்டிக்கொள்.

காலையில் ஒரு தடவை ஏறு, இருட்டிய பிறகு கட்டாயம் இன்னொரு தடவை. காலையில் பேரிங்கில் கிரீஸ் குளிர்ந்து கெட்டியாக இருக்கும், ரயில் மேடுகளில் தயங்கும். பகல் முழுக்க ஓடிச் சூடேறியதும் கிரீஸ் இளகி, அதே ரயில் அதே மேட்டில் வேறு வேகத்தில் போகும். மழை தூறி நின்ற பிறகு இன்னும் வேகம், பட்டை ஈரமாக இருக்கிறது அல்லவா. மரமும் ஈரத்துக்கேற்ப உப்பும், வெயிலில் சுருங்கும், மழைக்காலத்தில் நம் ஊர் வீட்டுக் கதவு இறுகிக்கொள்வது போல. ஒவ்வொரு சுருக்கத்திலும் போல்ட் கொஞ்சம் தளரும். அதனால்தான் தினமும் பார்க் திறப்பதற்கு முன் ஒருவர் சுத்தியலும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தின் மேலேயே நடந்து பார்க்கிறார். ஒரு பலகை தளர்ந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார்கள்.

இதை நினைக்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. அல்டூனாவில் லீப் தி டிப்ஸ், 1902ல் கட்டியது, உலகில் இருக்கும் மிகப் பழைய ரோலர் கோஸ்டர், 41 அடி. ரயிலைக் கீழிருந்து பிடித்துக்கொள்ளும் அடிச்சக்கரம்கூட அதில் கிடையாது, ஜான் மில்லர் அதற்குக் காப்புரிமை வாங்கியதே பின்னால் 1919ல்தான். 1985ல் அது நின்றுவிட்டது. அதே ஆண்டுதான் ஃபீனிக்ஸ் எழுந்தது. லீப் தி டிப்ஸை மறுபடி ஓட்ட 1999 வரை ஆயிற்று. பணம் மட்டும் காரணமில்லை. அளந்து, இழைத்து, வளைத்து, பொருத்தத் தெரிந்த தச்சர்கள் வேண்டும். அந்தக் கை வேலை நின்றுபோனால் மரத்தை வாங்கிக் குவித்தும் பயனில்லை. நம்மைப் போன்றவர்கள் டிக்கெட் வாங்கி ஏறினால்தான் அந்த வேலை நிற்காமல் இருக்கும். நீ கனோபல்ஸை அடித்துவிட்டாய் என்றதும் எனக்குக் கோபம் வந்தது இதனால்தான்.

அங்கே போனதும் முதலில் ஃப்ளையிங் டர்ன்ஸுக்கு ஓடு. மரத்தாலான அரைவட்டத் தொட்டி, தண்டவாளமே கிடையாது, ரயில் தன் வேகத்துக்கேற்ப சுவரில் ஏறி இறங்கும். 1929ல் டேட்டனில் நார்மன் பார்ட்லெட் செய்த வகை, எல்லா இடத்திலும் அழிந்துபோனது. கனோபல்ஸில் 2006ல் கட்டத் தொடங்கி 2013 அக்டோபரில்தான் திறக்க முடிந்தது, சக்கரம் சரியாக அமைய அத்தனை காலம். ஒரு பெட்டிக்கு 400 பவுண்டுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், எடை மேடையே வைத்திருக்கிறார்கள். நீயும் சுந்தரும் சேர்ந்து ஏற முடியாது, நீ நிலாவோடு ஏறு. கூட்டம் மெதுவாகத்தான் நகரும், பத்து நிமிடம் தாமதித்தால் ஒரு மணி நேரம் போய்விடும். 1913ன் குதிரை ராட்டினத்தில் நிலாவை வெளி வட்டக் குதிரையில் உட்கார வை. ஓடும்போதே கையை நீட்டி வளையம் பிடுங்க வேண்டும், பித்தளை வளையம் கிடைத்தால் அடுத்த சவாரி இலவசம்.

கென்னிவுட்டைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம், நீயே விசாரித்திருப்பாய். ஜாக் ராபிட்டில் (1920) கடைசி வரிசை, இரட்டைக் குழி வரும் இடத்தில் எழும்புவாய். ரேசரில் (1927) மேடையின் எந்தப் பக்கம் ஏறினாயோ அதற்கு எதிர்ப் பக்கம் வந்து இறங்குவாய், இரண்டு தண்டவாளமும் உண்மையில் ஒன்றுதான். தண்டர்போல்ட்டில் தனியாள் ஏற முடியாது. எடை கூடியவர் முதலில் ஏறி உள்ளே போக வேண்டும் என்பார்கள். பக்கவாட்டில் அப்படித் தள்ளும், இடம் மாறினால் நீ நிலாவை நசுக்கிவிடுவாய்.

ஆனால் ஒன்று. உன் முதுகெலும்பின் எல்-4, எல்-5 விஷயம் எனக்கு மறக்கவில்லை. சிரித்து மழுப்பாதே. மேட்டிலிருந்து சீட்டில் வந்து விழும் அடி நேராக அந்த இடத்தில்தான் இறங்கும், தண்டர்போல்ட்டின் பக்கவாட்டு இழுப்பு அதைவிட மோசம். கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் காட்டி, கோஸ்டர் என்று தெளிவாகச் சொல்லிக் கேள். வேண்டாம் என்றால் வேண்டாம். கௌசல்யாவும் நிலாவும் பதினோராவது வரிசையில் உட்காரட்டும்.

வழி: கென்னிவுட்டிலிருந்து நாலு மணி நேரம் என்று வைத்துக்கொள். ஐ-80ல் 224ஆம் எக்ஸிட், டான்வில் வழியாக 54ல் எலிஸ்பர்க், அங்கிருந்து 487ல் வடக்கே கொஞ்ச தூரம். செவ்வாய் அல்லது புதன் வா. முதலில் அக்டோபர் என்றாயே, அந்த மாதத் தொடக்கத்தில் அங்கே மூடுபாலத் திருவிழா, ரோட்டிலேயே கார்கள் நின்றுவிடும். ஆகஸ்ட்டே நல்லது. காலையிலேயே வந்து இரவு வரை இரு. பார்க்கை ஒட்டியே தங்கும் இடமும் இருக்கிறது, ஆனால் கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இந்த வாரமே புக் பண்ணு, தேதியை எனக்கு எழுது. ஆலன்டவுனிலிருந்து நானும் வந்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

அன்புடன்,
கதிர்