அரிக்கமேடு கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

புதுச்சேரி பக்கத்து அரியாங்குப்பத்தில், பழங்காலத் துறைமுக ஊரான அரிக்கமேட்டைப் பற்றி மூன்று நாள் நடந்த எங்கள் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. நாற்காலி வாடகையைக் கொடுத்தாகிவிட்டது. நன்றிதான் பாக்கி.

முதலில் காக்காயந்தோப்பு ஆயாவுக்கு. மஞ்சள்தூள் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த பாசிமணிகளை வெள்ளைத் துணியில் கொட்டி, “சின்ன வயசுல மழை விட்டா மேட்டுக்கு ஓடுவோம், மண்ணுல மினுக்கும்” என்றார். கடுகளவு மணிகள், சிவப்பும் பச்சையும். ஓட்டைக்குள் இன்னும் மண் ஒட்டியிருந்தது. (இப்போது அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். யாரும் பொறுக்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

ஆயாவைப் போன்ற பிள்ளைகளிடமிருந்துதான் 1937-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ருய் மணிகளை வாங்கினார். ஒரு கல்லில் செதுக்கியிருந்த தலை, ரோமப் பேரரசர் அகஸ்டஸுடையது என்று பேசப்பட்டது. இங்கே கிடைத்தவற்றில் சில, அன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த, வியட்நாமின் ஹனோய் வரை போயின. அதனால் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காலியாகவே வைத்தோம். செய்து தந்த தச்சர் அண்ணன், “காலிப் பெட்டிக்கு எதுக்குப் பூட்டு?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் பூட்டை மாட்டிவிட்டுக் கூலி வாங்காமல் போய்விட்டார்.

எங்கள் மானத்தைக் காப்பாற்றியவர் வரலாற்று ஆசிரியை. ‘ரோமர் கட்டிய துறைமுகம்’ என்று பேனருக்கு எழுதிக் கொடுத்திருந்தோம். அவர் சிவப்பு மையால் அடித்தார். 1945-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலியப் பானை ஓடுகளை வைத்து இதை ரோம வணிகத் தளமாகப் பார்த்தார். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு தோண்டிய பிறகு, ரோமச் சரக்கு வருமுன்பே இங்கே ஊர் இருந்தது தெரிந்தது. துரைமார் போய் இத்தனை வருஷமாகியும் அவர்கள் சொன்னதையே பேனரில் அடிக்கப் பார்த்திருக்கிறோம்!

பிரெஞ்சுக் குறிப்புகளைப் படித்துச் சொன்ன பென்ஷன்கார ஐயாவுக்கும், கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து குண்டு உப்பலவாடி கதை சொன்ன நண்பருக்கும் நன்றி. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்றார்கள். குண்டு இன்னும் ஊர்ப் பெயரில் இருக்கிறது.

இரண்டாம் நாள் கரண்ட் போனபோது வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, உங்களை மறக்கவில்லை.

அப்புறம் ஆயா, மணிகள் 63. இரண்டு தடவை எண்ணித்தான் டப்பாவில் போட்டிருக்கிறோம்.