மலைத் திட்டம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மலைப்பகுதி வளர்ச்சித் திட்டங்களை வகுக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். கருத்துக் கேட்டு நீங்கள் சுற்றுக்கு விட்ட வரைவை இரண்டு முறை படித்தேன். சாலை, மின்சாரம், சுற்றுலா எல்லாம் இருக்கின்றன. இடப்பெயர்வு 'சவால்கள்' பட்டியலில் வருகிறது. பண்பாடு கடைசி இணைப்பில், நடனத்துக்கும் கைவினைக்கும் நடுவே ஒரு பத்தியாக நிற்கிறது. இரண்டையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போல வைத்ததைப் பார்த்துத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

மலையில் யார் ஊரைவிட்டுப் போவது, யார் தங்குவது என்பதைப் பணம் மட்டும் தீர்மானிப்பதில்லை, வழக்கமும் தீர்மானிக்கிறது. நேபாளத்தில் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவரை இன்றும் 'லாகுரே' என்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சாபின் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களுக்கு வந்த பெயர் அது. தலைமுறை தலைமுறையாக அந்த மலைகளில் வெளியூர் போவது ஆண்பிள்ளைக்கு ஒரு பெருமை. ஆல்ப்ஸில் பருவத்துக்கு ஒரு மேய்ச்சல் நிலம் தேடி மந்தையோடு இடம் மாறுவதை 2019இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே இடம் மாறுவது மரபு. உங்கள் வரைவில் அதுவே நோய்.

ஒரே ஒரு கஷ்டத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். இமயமலையின் பல ஊர்களில் பெண் ஏரைத் தொடக்கூடாது. விதைப்பது, களையெடுப்பது, அறுப்பது, விறகும் புல்லும் சுமப்பது எல்லாம் அவள் வேலைதான். ஏர் மட்டும் ஆணுடையது. கணவர் சமவெளிக்கு வேலைக்குப் போய்விட்டால் உழுவதற்கு அவள் வேறொரு ஆணைத் தேடிப் போக வேண்டும். அவர் தன் வயலை முடித்துவிட்டு வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். கடன் வாங்கலாம் என்றால் நிலம் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. சரி, இந்த வருஷம் தரிசாகவே கிடக்கட்டும் என்று விடுகிறாள். தரிசில் புதர் மண்டும், புதருக்குள் காட்டுப்பன்றி வந்து தங்கும், பக்கத்து வயலும் போகும். மலைச்சரிவில் வயல்கள் படிப்படியாக இருப்பதால், மழையில் மேல்படி வயலின் கல்கட்டு சரிந்தால் கீழ்ப்படி வயலும் சேர்ந்து சரியும். அடுத்து மூட்டை கட்டுவது அந்தப் பக்கத்து வயல்காரர். அந்த வரைவின் எந்த அட்டவணையிலும் இந்த ஏர் இல்லை.

வழக்கத்தைக் கணக்கில் எடுத்தால் வழி பிறக்காமல் இல்லை. ஆண்கள் வெளியேறுவதைக் காரணமாகச் சொல்லித்தான் 2021இல் உத்தராகண்ட், கணவரின் பரம்பரை நிலத்தில் மனைவிக்கும் கூட்டுரிமை தரச் சட்டத்தைத் திருத்தியது. பிலிப்பைன்ஸின் இஃபுகாவ் படிக்கட்டு வயல்கள் கவனிப்பாரின்றிச் சிதைந்ததால் 2001இல் யுனெஸ்கோவின் ஆபத்திலுள்ள உலகப் பாரம்பரியங்களின் பட்டியலுக்குப் போயின. ஊர்க்காரர்களும் சேர்ந்து சீர்செய்த பிறகு, 2012இல் அந்தப் பட்டியலிலிருந்து மீண்டன.

இதையெல்லாம் ஏன் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்ல வேண்டியிருக்கிறது? 1992இல் ரியோவில் கூடிய ஐ.நா. மாநாட்டின் செயல்திட்டத்தில் மலைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார்கள். 2002 ஐ.நா.வின் சர்வதேச மலைகள் ஆண்டு. 2022 நிலையான மலை வளர்ச்சிக்கான ஆண்டு. அடுத்து 2023 முதல் 2027 வரை மலைப்பகுதி வளர்ச்சிக்கான ஐந்தாண்டுச் செயல்காலம். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 15.4 மலைச் சூழலைக் காக்கச் சொல்கிறது, மலைக்காரர்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருஷத்துக்கு மேலாக மலையைப் பற்றிப் பேசுகிறோம். மலையில் இருப்பவரிடம் எப்போது பேசப் போகிறோம்?

மன்னியுங்கள், குரல் உயர்ந்துவிட்டது. கேட்க வந்தது இதுதான். பண்பாட்டையும் இடப்பெயர்வையும் முதல் அத்தியாயத்தில் ஒன்றாக வையுங்கள். யார் பெயரில் நிலம், யார் கையில் ஏர், வழக்கம் யாரைப் போகச் சொல்கிறது, யாரைத் தங்கச் சொல்கிறது என்று ஊர் ஊராகக் கேட்டுவிட்டு எழுதுங்கள். வெளியே போனவரையும் ஊர்க்காரராகவே எண்ணிக் கேளுங்கள். அவர் அனுப்பும் பணத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது.

வரைவு முடிவாவதற்குள் ஒரு கூட்டமாவது அந்த ஊர்களிலேயே வையுங்கள். அறுவடைக் காலம் வேண்டாம். காலையில் புல்லுக்குப் போன பெண்கள் வீடு திரும்பிய பிறகு வையுங்கள்.

மரியாதையுடன்,
உங்கள் வரைவைப் படித்த ஒருவர்