என் சித்தப்பாவைத் தூக்கி வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். மார்ச் மாதமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. ஆஸ்பத்திரி, மருந்து, ஈஸ்டர் என்று தள்ளிப்போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: சித்தப்பாவுக்கு 58 வயது. பிறந்ததிலிருந்தே புத்தி வளர்ச்சி கொஞ்சம் குறைவு, பேச்சும் நாலைந்து வார்த்தைதான். ஏற்காட்டுக்கு மேலே எங்கள் ஊர்ப் பக்கம் மிளகு பறிக்கிற நாட்களில், சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து ஆட்கள் பறித்துக்கொண்டே போக, இவர் பின்னாலேயே போய் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். யாரும் சொல்லி வைத்த வேலை இல்லை, கூலியும் கிடையாது. மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள், பனி விலகுவதற்குள் தனியாகவே காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டார். உள்ளே காட்டெருமை நின்றிருக்கிறது.

சத்தம் கேட்டு ஓடிப்போன நாலு பேருக்கு முதல் நன்றி. கம்பளியைக் கம்பில் கட்டி டோலியாக்கி, ஜீப் வராத பாதையில் ரோடு வரைக்கும் சுமந்து வந்தீர்கள். எருமை அப்போதும் முப்பது அடியில் நின்றுகொண்டிருந்ததை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னீர்கள்.

அப்புறம் 108-ல் வந்த தம்பிக்கு. மலையிறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும்போது, நீங்கள் முழங்காலை ஸ்ட்ரெச்சரில் முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் அவர் வயிற்றுக் காயத்தில் வைத்த துணியை அழுத்திக்கொண்டே வந்தீர்கள். நான் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன், பன்னிரண்டுக்குப் பிறகு எண்ணிக்கை விட்டுப்போனது. உங்கள் கை ஒரு தடவைகூட எடுபடவில்லை.

சேலம் ஜி.எச். டாக்டர்கள் மண்ணீரல் கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றார்கள். ரத்தம் ஓ நெகட்டிவ். அந்த ரத்தம் அவசரத்துக்கு யாருக்கு வேண்டுமானாலும் ஏறும், ஆனால் அந்த வகைக்காரர்களுக்கு ஓ நெகட்டிவ் மட்டும்தான் ஏற்ற முடியும். 'யாருக்கும் உதவாத ஆள்' என்று ஊரில் பெயர் வாங்கியவருடைய ரத்தம் அது! எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வராந்தாவில் சொந்தக்காரர் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சம்பாதிக்கிற ஆளா இருந்தா வேற விஷயம் கண்ணு, இதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு அலைச்சல்" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, என் மேல் இருக்கிற அக்கறையில்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. இந்தச் சேலத்தில்தானே 1992-ல், பெண் குழந்தையைக் கொல்லாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசாங்கமே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது? ஒரு உயிரை வரவு செலவாகப் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதில்லை. சித்தப்பா பிறந்தபோது பாட்டியிடமும் பால் கொடுக்காமல் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி கேட்கவில்லை.

அன்று ராத்திரி தியேட்டர் வாசலில் எங்கள் பங்கு ஃபாதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, ஒரு கணக்குச் சொன்னார். பைபிளில், மத்தேயு நற்செய்தியில் காசுக்கு இரண்டு சிட்டுக்குருவி என்று இருக்கிறது, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. கூட்டிப் பார்த்தால் நாலுதானே வர வேண்டும்? ஐந்தாவது குருவி கொசுறு. காய்கறி வாங்கினால் கறிவேப்பிலை போடுகிற மாதிரி, விலையே இல்லாதது. அவற்றில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்று இயேசு சொன்னார் என்றால், அந்தக் கொசுறும் சேர்த்திதான். இத்தனை வருஷம் பூசையில் கேட்ட வாசகம், இந்தக் கணக்கு எனக்குப் பிடிபட்டதே இல்லை. தொடக்கநூலில் மனிதரைக் கடவுள் தம் சாயலில் படைத்தார் என்கிற இடத்திலும், சம்பாதிக்கிறவர்களை மட்டும் என்று எதுவும் எழுதியில்லை. அந்த மாடு அன்றைக்கு ஏன் அங்கே நின்றது என்று ஆண்டவரிடம் எனக்கு இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது, அது தனி.

ரத்தம் கொடுத்த ஆறு பேருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கோட்டையிலிருந்து வந்த பாய், எங்களுக்குத் தவக்காலம், உங்களுக்கு ரம்ஜான் நோன்பு. நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு பைக்கை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். டோலி சுமந்தவர்கள் சேர்வராயன் சாமியைக் கும்பிடுகிறவர்கள். சாயல், சிட்டுக்குருவி என்றெல்லாம் நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் யாரும் அவர் யார், என்ன வேலை என்றுகூடக் கேட்கவில்லை.

மண்ணீரல் எடுத்துவிட்டார்கள். இனிமேல் சின்னக் காய்ச்சல் வந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று வார்டு சிஸ்டர் படித்துப் படித்துச் சொன்னார், தடுப்பூசித் தேதிகளையும் அவரே அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். நன்றி சிஸ்டர், எல்லா ஊசியும் போட்டாயிற்று.

இப்போது நன்றாக நடக்கிறார். ரத்தம் கொடுத்தவர்களில் இரண்டு பேர் போன் நம்பர்கூடத் தராமல் போய்விட்டீர்கள். ஆளுக்குக் கால் கிலோ மிளகு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம், தகவல் சொன்னால் கொண்டுவந்து தருகிறேன். நான்தான் தராசில் நிறுத்தேன். நிறுத்து முடித்ததும் சித்தப்பா ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்து, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து மேலே போட்டு, திரும்ப மடித்து வைத்தார்.