ஸ்டீயரிங்கை நீயும் பிடி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து மனது அங்கேயே சுற்றுகிறது. டிசம்பர் லீவில் நீயும் மாப்பிள்ளையும் அடிலெய்டிலிருந்து காரிலேயே பெர்த்துக்கு வருகிறீர்கள், அதுவும் ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையை ஒட்டிய நல்லார்பார் சமவெளி வழியாக. "பார்க்க ஒன்றுமே இல்லையாம்மா, ராத்திரியும் சேர்த்து ஓட்டினால் சீக்கிரம் வந்துவிடலாம் என்கிறார்" என்றாய். போனில் பதில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

காதலனோடு பாலை வழியே போய்விட்ட மகளை நினைத்துத் தாய் புலம்புவதைச் சங்கப் புலவர்கள் எத்தனை பாட்டாகப் பாடியிருக்கிறார்கள்! எனக்குப் புலம்ப வரவில்லை. டயரைப் பார், தண்ணீர் எடு என்றுதான் வாயில் வருகிறது. நானும் உன் அப்பாவும் அந்த வழியில் போய் வந்தவர்கள் ஆயிற்றே.

முதலில், டிசம்பர் வேண்டாம். 2019 டிசம்பர் 19 அன்று நல்லார்பாரில் 49.9 டிகிரி வெயில் பதிவானது. அந்த மாதிரி நாளில் வண்டி நின்றுவிட்டால் ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. செப்டம்பரில் லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் அப்போதுதான் போனோம். ஹெட் ஆஃப் பைட் என்ற இடத்தில் செங்குத்துப் பாறையின் மேல் நின்று கீழே பார்த்தால், திமிங்கிலமும் அதன் குட்டியும் கரையோரமாகவே மிதந்துகொண்டிருந்தன. அண்டார்க்டிகா பக்கத்துக் குளிர்கடலிலிருந்து குட்டி போட இங்கே வருகின்றன. அக்டோபர் முடிவதற்குள் கிளம்பிவிடும். நீங்கள் டிசம்பரில் வந்தால் வெறும் கடல்தான்.

பார்க்க ஒன்றும் இல்லை என்பவர்கள் மணற்குன்றை எதிர்பார்த்துப் போகிறவர்கள். உண்மையில் மணற்பாலைவனம் இன்னும் வடக்கே இருக்கிறது, கிரேட் விக்டோரியா என்று. இது சுண்ணாம்புக்கல் சமவெளி. ஏறக்குறைய இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டர், முட்டளவு உப்புப் புதர். சட்டென்று தெற்கே நிலம் முடிந்து, பல மாடி உயரத்துக்குக் கீழே கடல். அந்த விளிம்புக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள், பாறை பொலபொலவென்று உதிரும்.

வழியில் யூக்லா என்ற ஊரில் கட்டாயம் இறங்குங்கள். 1877இல் கட்டிய தந்தி நிலையம் ஒன்று மணலில் பாதி புதைந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் இரைச்சலாக இருந்த ஊர். முயல் கூட்டம் வந்து மணலைப் பிடித்து வைத்திருந்த செடிகொடிகளைத் தின்று தீர்த்தது, மணல் நகர்ந்து ஊரையே மூடிவிட்டது. அப்பா அந்தச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், பழைய கட்டடம் கண்டால் அவருக்கு அப்படித்தான். அப்புறம் அங்கே கடிகாரமும் தனி, பெர்த் நேரத்தைவிட முக்கால் மணி முன்னே. ஏன் என்று யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

ராத்திரி ஓட்டுவதைப் பற்றி ஒரே பேச்சு: கூடாது. பொழுது சாய்ந்தால் விடியும் வரை கங்காரு ரோட்டுக்கு வரும். வளை தோண்டி வாழும் குட்டையான வொம்பாட்டும் வரும், காட்டு ஒட்டகமும் வரும். அவற்றில் மோதினால் பெரிய லாரி தாங்கினாலும் தாங்கும், உங்கள் சின்னக் கார் தாங்காது. பகலிலும் கவனம் வேண்டும். அடிபட்டுக் கிடக்கும் கங்காருவின் மேல் ஆப்பு வால் கழுகு உட்கார்ந்திருக்கும், நல்ல பெரிய உடம்பு. வயிறு நிறையத் தின்றிருந்தால் அதற்கு எழும்பவே நேரமாகும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கிட்டே போனபோது ஒன்று எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெதுவாக நாலு எட்டு நடந்து, அதன் பிறகுதான் இறக்கையை விரித்தது.

இனி, நான் எழுத உட்கார்ந்ததே இதற்குத்தான். இந்த வழியின் கிழக்கு முனையில் இருக்கும் செடுனாவிலிருந்து மேற்கு முனையில் இருக்கும் நார்ஸ்மன் வரைக்குமே சுமார் 1,200 கிலோமீட்டர். அதை மாப்பிள்ளை ஒருவரே ஓட்டப்போகிறார் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். உனக்கு லைசென்ஸ் இருக்கிறது, நன்றாகவும் ஓட்டுகிறாய். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து எங்கே கிளம்பினாலும் மேப் பார்ப்பதும் அவருக்கு முறுக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் உன் வேலையாகிவிடுகிறது. கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வழியில் பாலடோனியா, கைகுனா என்ற இரண்டு இடங்களுக்கு நடுவே 146.6 கிலோமீட்டர் ஒரு வளைவுகூட இல்லாத ரோடு. அதை நான்தான் ஓட்டினேன். உன் அப்பாவுக்குப் பக்கத்து சீட்டில் உட்காரத் தெரியவில்லை. வலது கால் தரை விரிப்பில் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தது. "இடது பக்கம், இடது பக்கம்" என்று முணுமுணுப்பு வேறு. எதிரே ரோடு டிரெயின், அதாவது பல பெட்டிகளை இழுத்துவரும் நீள லாரி, வருவது வெகு தூரத்திலேயே தெரியும், முதலில் கானல் நீருக்குள் ஒரு கறுப்புப் புள்ளி, அது வளர்ந்துகொண்டே வரும். கடந்து போகும்போது காற்று காரை ஓர் உலுக்கு உலுக்கும். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டால் போதும், பயமில்லை. அந்த டிரைவர் ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார், நானும் தூக்கினேன். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்தபடி குறட்டை! இத்தனை வருஷத்தில் நான் ஓட்டும்போது அவர் தூங்கிப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமிதத்தை உனக்கு எப்படிச் சொல்வது?

நேர் ரோடு என்பதால் சுலபம் என்று நினைக்காதே. திருப்ப எதுவும் இல்லாததால்தான் கண் சொக்கும். அதற்காகவே ஆள் மாற்றி ஆள் ஓட்ட வேண்டும். மாப்பிள்ளைக்கும் கண் இரண்டுதான்.

மற்றதெல்லாம் சில்லறை. வழியோரப் பெட்ரோல் பங்க்கும் சாப்பாட்டுக் கடையும் சேர்ந்த ஒவ்வொரு ரோடுஹவுஸிலும் பெட்ரோல் போடுங்கள், அடுத்ததில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். தண்ணீரைக் கேன் கேனாக ஏற்றிக்கொள்ளுங்கள், அங்கே தண்ணீருக்கே பஞ்சம். இடையில் பெரும்பாலும் டவர் இருக்காது. மேற்கு ஆஸ்திரேலிய மாநில எல்லைச் சோதனையில் பழம், காய், தேன் எதையும் விடமாட்டார்கள். எனக்காகக் கறிவேப்பிலைக் கொத்து எடுத்து வந்து அங்கே கொட்டிவிட்டு வராதே.

வாடகைக் கார் எடுப்பதானால் இரண்டாவது டிரைவர் என்று உன் பெயரையும் அதில் எழுதச் சொல். வண்டி எடுக்கும்போதே. எழுதாமல் ஓட்டி ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் தகராறாகிவிடும். எழுதியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அம்மா